பொன்னாடை போர்த்த வந்த அண்ணன்

விருந்துக்கு வருகிறீர்களா என்று கேட்டபோதே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வழக்காடும் ஒரு சட்ட உதவி அமைப்பின் விருது விழா அது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட இருந்தவர்களைக் காப்பாற்றிய வழக்கறிஞர்களுக்குப் பாராட்டு. முதல் விருது என் வழக்கறிஞருக்கு. சின்ன வயதுத் தமிழ்ப் பெண். அவளுக்காகத்தான் போனேன். மற்றபடி, நட்சத்திர ஹோட்டல் குளிரில் நடுங்கிக்கொண்டு காளான் தின்ன வேண்டும் என்று எனக்கென்ன தலையெழுத்து? சைவம் என்று சொல்லித் தொலைத்தேன். வந்த தட்டெல்லாம் காளான்.

என்னைத் துரத்தப் பார்த்தது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீடு அம்மா பேரிலும் அவன் பேரிலும் இருந்தது. கல்யாணமானதும் அவன் தனியாகப் போய்விட்டான். கல்யாணமாகாத நான் அம்மாவோடு இருந்தேன். அம்மா போனதும் சட்டப்படி வீடு முழுக்க அவனுடையதாகிவிட்டது. கருமாதி முடிந்த கையோடு வீடு விற்கும் ஏஜெண்டை அனுப்பினான். நான் ரசம் தாளித்துக்கொண்டிருக்கும்போது, முன்பின் தெரியாத புருஷனும் பெண்டாட்டியும் என் சமையலறை அலமாரிகளைத் திறந்து பார்த்தார்கள். ஏஜெண்ட் என்னைக் கண்ணால் காட்டி, கைக்கு வரும்போது வீடு காலியாக இருக்கும் என்று அவர்களிடம் சொன்னான். அண்ணனுக்குக் கொடுத்த மரியாதையை அன்றோடு விட்டேன்.

என் வழக்கறிஞர் விடவில்லை. மாதக்கணக்கில் பேசிப் பேசி அவனை ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். நான் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கலாம், அவன் விற்கக்கூடாது. கையெழுத்து திங்கட்கிழமை. விருந்து சனிக்கிழமை.

“ஆன்ட்டி, சைன் பண்ற வரைக்கும் எதுவும் பேசிடாதீங்க, ப்ளீஸ் லா. அவரு மனசு மாறிட்டா நம்மால ஒண்ணும் செய்ய முடியாது. ஸ்டேஜ்ல தேங்க்யூ மட்டும் போதும்” என்று வாசலிலேயே கெஞ்சினாள். சரி என்று தலையாட்டினேன்.

அவளுக்கு விருது கொடுத்த கையோடு என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் தமிழச்சியாம், அதனால் தமிழ் முறைப்படி பொன்னாடை போர்த்துவார்களாம். யாருக்கு உதித்த யோசனையோ! நன்கொடை கொடுத்து ஒரு மேசை பிடித்திருந்த சிராங்கூன் ரோட்டு வியாபாரிகளில் ஒருவர் வந்து போர்த்துவார் என்று அறிவித்தார்கள். பொன்னாடையைக் கையில் ஏந்திக்கொண்டு படியேறினான், ஜவுளிக்கடைக்காரனான என் அண்ணன்.

ஏற்பாடு செய்தவர்களுக்கு அவன் யாரென்று தெரியாது. அவனுக்கு எல்லாம் தெரியும். கூடப் பிறந்தவளைத் தெருவில் நிறுத்துகிறான் என்று தேக்கா கடைத்தெரு முழுக்கப் பேச்சு. ஒரு போட்டோ போதும், அத்தனையும் கழுவிவிடலாம். பொன்னாடையாவது நல்லதாக இருந்ததா? கடை மூலையில் விற்காமல் கிடந்து மடிப்பு மடிப்பாக வெளுத்த சரக்கு.

கிட்டே வந்ததும் உதடு அசையாமல் சொன்னான்.

“சிரி. போட்டோ எடுக்குறாங்க. சிரிச்சாத்தான் திங்கக்கிழமை கையெழுத்து.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்தில் கண்ணாடி விருதைக் கட்டிக்கொண்டு நின்ற வழக்கறிஞர் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. வேண்டாம் ஆன்ட்டி என்று கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்கும் புரியாமலில்லை. அந்த வீட்டை விட்டால் இந்த வயதில் யார் வீட்டிலோ வாடகை அறையில் முடங்க வேண்டியதுதான். தலையைக் குனிந்தேன். போர்த்தினான். நான் சிரிக்கவில்லை.

நம் மேடைகளில், தனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றி இன்னொருவருக்குப் போர்த்துவது உண்டு. யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். நானும் கழற்றி அந்தப் பெண்ணின் தோளில் போட்டேன். மைக்கை வாங்கிக்கொண்டேன்.

“இது இந்தப் பொண்ணுக்குச் சேர வேண்டியதுங்க. எங்கண்ணன் என்னை வீட்ட விட்டுப் போகச் சொன்னாரு. இதோ, இப்ப எனக்குப் பொன்னாடை போட்டாரே, இவருதான். இந்தப் பொண்ணுதான் தடுத்துச்சு. திங்கக்கிழமை கையெழுத்துப் போடுறேன்னு சொல்லியிருக்காரு. போடுவாரு. நீங்கள்லாம் சாட்சி.”

தமிழ் புரியாத மண்டபம் கைதட்டித் தீர்த்தது. வியாபாரிகள் மேசையில் மட்டும் ஒரு கை அசையவில்லை. அண்ணன் கேமராவுக்குக் காட்டிய பல்லை மூட மறந்து நின்றான்.

“ஐயோ ஆன்ட்டி” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ரோஷம் சோறு போடுமா, வீடு கொடுக்குமா? அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றினேன். பிறகு ஆத்திரம் வந்து திரும்ப மாட்டினேன்.

திங்கட்கிழமை வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அவன் வந்தான். தனியாக வரவில்லை. வியாபாரிகள் மேசைக்குத் தலைமை தாங்கிய பெரியவரும் கூட வந்தார். தேக்காவில் மளிகைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், மேடையில் நான் பேசியதை முழுக்கக் கேட்டவர். அவன் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான்.

“போடுப்பா. சபையில கேட்டுட்டோம்ல” என்றார் பெரியவர்.

போட்டான். போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் எழுந்தான்.

“இன்னையோட எனக்குத் தங்கச்சி இல்ல.”

நெஞ்சில் குத்தத்தான் செய்தது. என்ன இருந்தாலும் ஒரே வயிற்றில் பிறந்தவன். ஆனால் அதை அவனுக்குக் காட்ட நான் தயாராக இல்லை.

“சரிண்ணே. வீட்டுச் சாவி ஒண்ணு உங்கிட்ட இருக்கு. வெச்சிட்டுப் போ.”

பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான். வளையம் இறுகியிருந்தது. நகத்தை நுழைக்கப் பார்த்தான், வழுக்கியது. மறுபடியும் பார்த்தான். பார்க்கப் பொறுக்காமல் வழக்கறிஞர் பெண் உதவிக்கு எழுந்தாள்.

“உக்காரும்மா” என்றேன். “அவனே கழட்டட்டும்.”