அல்ஹம்துலில்லாஹ்வுக்குப் பிறகு

என் மனைவி ஹஸீனாவிடம் யார் நலம் விசாரித்தாலும் ஒரே பதில்தான்: "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்." காய்ச்சலில் படுத்திருந்தாலும் அதுதான். சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் இருபது வருடமாகத் துணிக்கடை நடத்துகிறோம். கடையில் நின்றுகொண்டு குறை சொல்வது எங்கள் ஆட்களுக்கு வராது.

அவளுடைய நோய் எதிர்ப்பு அணுக்களே மூளை நரம்புகளை எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றன. வலது கை விரல்கள் மரத்துப்போகும். துணி வெட்டும் கை அது. போன வருடம் ஒரு மருத்துவமனை ஆய்வில் சேர்ந்தாள். அங்கே போடும் தடுப்பூசி, தறிகெட்டுப் போன அணுக்களை அடக்கிவைக்கும் அணுக்களைப் பெருக்குமாம். "இந்த ஊசி எனக்குக் கேக்கும் மச்சான்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

செவ்வாய்தோறும் நர்ஸ் இளமதி போன் செய்வாள். நர்ஸ் என்றால் இவளுக்கு 'மிஸ்ஸி'தான். "இந்த வாரம் எப்படி இருக்கீங்க அக்கா?" இவள் அதே பதிலைச் சொல்வாள். அன்று காலைதான் கத்திரிக்கோல் இரண்டு முறை கைநழுவி விழுந்திருக்கும். நான் முறைத்தால், "அல்லாஹ்வுக்கு நன்றி சொல்றது பொய்யா?" என்று என்னையே மடக்குவாள்.

பன்னிரண்டாவது வாரம் இளமதி சொன்னாள்: "உங்க ரெக்கார்டு சூப்பர் லா அக்கா! ஒரு ப்ராப்ளமும் இல்ல. இதெல்லாம் பாத்துத்தான் அடுத்த பேட்ச்சுக்கு டோஸ் முடிவு பண்ணுவாங்க."

ஹஸீனாவின் முகம் வெளிறிவிட்டது. "மிஸ்ஸி, அது எல்லாம் தப்பு. மூணு விரல் மரத்துத்தான் இருக்கு. வாய்ப் பழக்கத்துல சொல்லிட்டேன்."

இளமதி குரலை இறக்கினாள். "டாக்டர்கிட்ட சொல்லணும் அக்கா. ஸ்டடில உங்கள வச்சுப்பாங்களான்னு தெரியல." இன்னும் இரண்டு ஊசி மிச்சம் இருந்தது.

"பேசாம இருந்திருக்கலாம்ல?" என்று கத்தினேன். எனக்குப் பயம்.

"எனக்கு அடுத்து ஊசி போட்டுக்கிறவளுக்கும் கை இருக்குல்ல மச்சான்," என்றபடி துணியை விரித்தாள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. தொடரலாம், ஆனால் பழைய பதில்கள் எதுவும் செல்லாது.

அடுத்த செவ்வாய்: "அல்ஹம்துலில்லாஹ். இப்ப எழுதிக்குங்க மிஸ்ஸி. வலது கை, மூணு விரல்." மூன்று இரண்டானது. பிறகு ஒன்றிலேயே நின்று என் உயிரை வாங்கியது. ஊசியால்தானா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குச் சந்தேகமே இல்லை.

போன செவ்வாய் காலை கத்திரிக்கோல் ஒருமுறைகூட நழுவவில்லை. போனில் "அல்ஹம்துலில்லாஹ்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க அக்கா, எழுதறேன்," என்றாள் இளமதி.

"அவ்வளவுதான் மிஸ்ஸி. அதையே எழுதிக்குங்க."