பொம்மைக்கு அடியில் கீறிய இங்கிலீஷ்

அச்சில் ஊற்றும் களிமண் கரைசலை எங்கள் ஷெட்டில் ‘கூழு’ என்பார்கள். அது விரலில் காய்ந்தால் தோலை இழுத்துப் பிடிக்கும்; நகக்கண்ணில் வெள்ளையாக ஏறிக்கொண்டு, சோறு பிசையும்போதுகூட மண்வாசம் அடிக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் என் விரல்கள் அப்படித்தான் இருந்தன. அந்த விரல்களோடுதான் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இங்கிலீஷ் வார்த்தைகளைப் படித்தேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஷெட் ஒன்றில் அம்மாவுக்கு வேலை. அப்பா லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் பிசிறைச் சீவி, பஞ்சால் துடைத்து, அடிப்பக்கத்தில் ஊசியால் அவரவர் அடையாளத்தைக் கீறி வைக்க வேண்டும். செய்த பொம்மைக்குத்தான் கூலி என்பதால் எது யார் கைவேலை என்று தெரிய வேண்டுமே. அம்மாவின் அடையாளம் ஒரு பெருக்கல் குறி. விடுமுறையில் துடைப்பதும் கீறுவதும் என் பொறுப்பு.

தேர்வில் இங்கிலீஷ்தான் என்னைப் பயமுறுத்தியது. எங்கள் ஸ்கூல் இங்கிலீஷ் டீச்சரே வாய்திறந்து சொல்லியிராத வார்த்தைகளுக்கெல்லாம் அர்த்தம் கேட்பார்கள். சென்னையில் இதற்கென்றே கோச்சிங் இருந்தது. என்னிடம் இருந்தது அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகம். ‘ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்க’ என்று தெருவில் என் காதுபடவே சொன்னார்கள். சொன்னவர்கள் வீட்டிலும் யாரும் தாசில்தார் இல்லை.

கூழு பட்ட கையால் புத்தகத்தைத் தொட முடியாது. அதனால் காலையில் வீட்டிலேயே சில வார்த்தைகளைப் படித்துக்கொண்டு போய், பெருக்கல் குறிக்குக் கீழே பொம்மைக்கு ஒன்றாகக் கீறிப் பழகினேன். அடிப்பக்கத்துக்கு மட்டும் மெருகு பூச மாட்டார்கள், பூசினால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே அங்கே கீறியது வெந்து அப்படியே வெளியே வரும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. பொம்மை வாங்குகிறவர் முகத்தைப் பார்ப்பாரே தவிர அடியையா பார்ப்பார் என்று நினைத்துவிட்டேன்.

வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் பார்த்தார். அவர் கவிழ்த்துப் பார்த்தது ஒரு பிள்ளையாரை. அதன் அடியில் இருந்தது ‘வொரேஷியஸ்’. அடங்காத தீனிக்காரர் என்று அர்த்தம். சாமி குத்தம் என்று பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பிவிட்டார். கொழுக்கட்டையை நினைத்தால் அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை என்று அன்றைக்குச் சொல்ல முடியவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

பெருக்கல் குறி யாருடையது என்று ஷெட் மேனேஜர் விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் கடைக்காரரின் வண்டி திரும்ப வரும், அதற்குள் தாயும் மகளும் உட்கார்ந்து எல்லாப் பொம்மையின் அடியையும் சாணைக்கல்லில் தேய்த்து வைக்க வேண்டும் என்றார். அன்று சனிக்கிழமை. நடுவில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறுதான் சிதம்பரத்தில் எனக்குத் தேர்வு.

அம்மா நயமாகத்தான் பேசினாள். இன்றைக்குப் பொழுது சாயும்வரை தேய்க்கிறோம், ஞாயிறு சாயங்காலம் வந்து மிச்சத்தை முடித்துவிடுகிறோம் என்றாள். அவர் கேட்கவில்லை. களிமண் பிசைகிற வீட்டுக்கு எதற்கு இந்த இங்கிலீஷ் என்று அவர் கேட்டது எல்லோர் முன்னாலும்தான். பிறகு கொஞ்சம் இறங்கி, “ஒரு பரீட்சதானம்மா, அடுத்த வருஷம் எழுதட்டும்” என்றார்.

அம்மா பஞ்சைப் பிழிந்து ஓரமாக வைத்தாள். “அடுத்த வருஷம் அவ இங்கதாங்க அச்சு ஊத்திக்கிட்டு இருப்பா. நானும் ஒரு வருஷம்னு சொல்லித்தான் வந்தேன்.”

அப்படியானால் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்றார் அவர். “சரிங்க, போயிட்டு வரேன்” என்றாள் அம்மா. அந்தச் சொல்லை அவ்வளவு மரியாதையாகவும் அவ்வளவு திமிராகவும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.  வேலை போனதற்கும் நான்தான் காரணம், இனி தேர்வில் தோற்றால் அதற்கும் நான்தான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் போனோம். சேத்தியாத்தோப்பில் பஸ் நின்றபோது அம்மா டீ வாங்கிக் கொடுத்தாள். தேர்வில் ‘வொரேஷியஸ்’ வரவில்லை. வேறு பிள்ளையார்களின், யானைகளின், குதிரைகளின் அடியில் கீறியவை சில வந்தன. இடம் கிடைத்தது. அதற்குள் அம்மா பக்கத்து ஷெட்டில் அதே பெருக்கல் குறியைக் கீறிக்கொண்டிருந்தாள். அவள் கைவேலை ஊருக்கே தெரியும்.

இப்போது நான் விருத்தாசலம் கோர்ட்டில் வக்கீல். அந்த ஷெட் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். கிழிந்த அட்டைப் புத்தகம் எங்கே போனது என்று தெரியவில்லை. படித்த வார்த்தைகளில் பாதிக்கு மேல் மறந்துவிட்டது. கருவேப்பிலங்குறிச்சி வரப்புத் தகராறுக்கு அவை வேண்டியிருக்கவும் இல்லை. தமிழில்தான் சாட்சி சொல்கிறார்கள், தமிழில்தான் அழுகிறார்கள்.

போன மாதம் அம்மா என் கேஸ் ஒன்றைப் பார்க்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், “அப்ப படிச்சியே, அந்த வார்த்தையெல்லாம் ஒண்ணுகூட பேசலியே?” என்றாள். இங்கே யாருமே அதையெல்லாம் பேசுவதில்லை என்றேன்.

“அப்ப எதுக்கு அதக் கேட்டாங்க?”

“நம்மள மாதிரி ஆளுங்கள வெளியவே நிக்க வைக்கத்தாம்மா.”

அம்மா புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நின்னமா?” என்றாள்.