தேன்வாயர் வீட்டுப் புகார்

துவைக்கும் மிஷினும் ஃபிரிட்ஜும் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஃபோனை எடுத்துப் பேசுவதுதான் அவருக்கு வேலை. மீசை அரும்பிய வயதில் சேர்ந்தவர், தலை நரைத்த பிறகும் அதே வேலையில் இருக்கிறார். ஆபீசில் அவரைத் 'தேன்வாயர்' என்பார்கள். மிஷினைக் கொண்டுவந்து உங்கள் வாசலிலேயே போட்டு உடைக்கிறேன் பார் என்று கத்துகிற ஆளைக்கூட, கடைசியில் "உங்களுக்கு எதுக்குங்க சிரமம், நாளைக்கு வந்தாலும் போதும்" என்று சொல்ல வைத்துவிடுவார்.

வீட்டில் அவருக்கு வேறு பெயர். உம்மணாமூஞ்சி. கல்யாணமான புதிதில் மச்சினர் வைத்தது. அந்தப் பெயருக்கு இன்றுவரை அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டால் "ம்". மகளுக்குக் கேட்ட காலேஜிலேயே இடம் கிடைத்துவிட்டது என்றால் அதற்கும் "ம்". கொஞ்சம் இழுத்து "ம்ம்" என்றால் மனிதர் ஆனந்தக் கூத்தாடுகிறார் என்று வீட்டார் புரிந்துகொள்ள வேண்டும். மனைவியும் கேட்டுப் பார்த்தார், குத்திக் காட்டிப் பார்த்தார், கடைசியில் 'பாவம், இவருக்கு வாய்த்த பேச்சே இவ்வளவுதான்' என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

இப்படி இரண்டு பெயர்களும் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காமல் காலம் தள்ளின. நடுவில் ஒரு நீளமான ரயில் பயணம் இருந்தது. எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று கம்பெனி சொன்னதும் ரயில் பயணம் நின்றது. கூடவே குட்டும் வெளிப்பட்டது.

படுக்கையறையில், அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு மடக்கு மேஜையைப் போட்டு உட்கார்ந்தார். முதல் நாள் காபி கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே அவர் கணவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உருகிக்கொண்டிருந்தார்.

"புரியுதும்மா. உங்க இடத்துல நான் இருந்தாலும் இப்படித்தான் கோபப்படுவேன். எத்தனை நாளா இந்தக் கஷ்டம்? கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எப்படிம்மா சமாளிக்கிறீங்க?"

பேசி முடித்துத் திரும்பினார். அதற்குள் காபி ஆறிவிட்டிருந்தது.

"யாருங்க அது?"

"கஸ்டமர்."

"தெரிஞ்சவங்களா?"

"ம்ஹூம்."

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட இப்படிக் கொஞ்சறீங்க. என்கிட்ட வாயைத் திறந்தா மட்டும் முத்து உதிர்ந்துடுமா?"

தேன்வாயர் திருதிருவென்று விழித்தார். "அது வேலை" என்றார்.

"அப்படியா? எவ்வளவு சம்பளம்னு சொல்லுங்க, நானும் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு மனைவி காபியைச் சுட வைக்கப் போனார். கூடத்தில் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு ஆரம்பித்தது வம்பு. சாப்பிட உட்கார்ந்தால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், தட்டோட காத்திருங்க" என்பாள் மகள். மனைவியோ அவர் ஃபோன் பேசும்போதெல்லாம் மடிக்க வேண்டிய துணியை அள்ளிக்கொண்டு அந்த அறை வாசலுக்கே வந்துவிடுவார். ஒரு துண்டை எத்தனை தடவைதான் மடிப்பது? தன்னை வேவு பார்க்கத்தான் நிற்கிறாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவன், பிடிபட்ட இடத்திலேயே தினமும் உட்கார வேண்டுமென்றால் எப்படி இருக்கும்? அவருக்குக் குரலே கம்மிவிட்டது.

இந்த நிலைமையில்தான் மேலாளர் அம்மா எல்லாரையும் கம்ப்யூட்டர் திரையில் கூட்டிவைத்து, விருப்பமுள்ளவர்கள் ஆபீஸ் வரலாம், மற்றவர்கள் வீட்டிலேயே இருக்கலாம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்றார். உடனே கட்சி பிரிந்தது. பஸ்ஸில் கசங்கி வந்து ஃபோனில் குழையச் சொன்னால் எப்படி என்றது ஒரு கட்சி. "வீட்ல நான் வேலை பார்க்கறேன்னு யாருமே நம்பலைங்க. சும்மாதானே இருக்கீங்க, கொஞ்சம் கடைக்குப் போயிட்டு வாங்கங்கறார் மாமனார்" என்று புலம்பியது இன்னொரு கட்சி. அனல் பறந்துகொண்டிருந்தபோது, ஆபீசுக்கு வருகிறேன் என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கியவர் தேன்வாயர்.

"சார், உங்க வீடுதானே எல்லாரையும் விட தூரம்!" என்று மேலாளர் அம்மாவே அதிசயப்பட்டார்.

"அங்க இருந்தா மனசு வேலையில ஒட்டும் மேடம்" என்று வாய் கூசாமல் புளுகினார் நம்ம ஆள்.

சார்ஜர் தேடி வந்த மகள் இதை எல்லாம் பார்த்துவிட்டாள். கூட்டம் முடிவதற்குள் சேதி சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தது.

மனைவி சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தார். பதில்கூடத் தயாராக வைத்திருந்தார். மனைவி சண்டையே போடவில்லை. "ஆபீசுக்கே போகலாம்னு இருக்கேன்" என்று அவர் மெல்ல ஆரம்பித்ததற்கு, "ம்" என்றார். மிஞ்சிப்போனால் ஒரு நாள் தாங்கும் என்று நினைத்தார். மறுநாளும் அதே "ம்". வெயில் ஜாஸ்தி இல்லை என்று வலியப் பேச்சுக் கொடுத்தாலும் "ம்". ஒரே ஒரு எழுத்து ஒரு வீட்டை இந்தப் பாடு படுத்தும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. தாங்கமுடியவில்லை. வாசலில் துணி மடிக்கவும் யாரும் வரவில்லை. அதைக்கூட அவர் தேடினார் என்பதுதான் வேடிக்கை.

வியாழக்கிழமை மத்தியானம் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் லைனில் வந்தார். "சார், ஒரு அம்மா உங்ககிட்டதான் பேசுவேன்னு அடம் பிடிக்கிறாங்க. தர்றேன்" என்று தள்ளிவிட்டார்.

"வணக்கம்மா, சொல்லுங்க. நான் என்ன உதவி செய்யணும்?"

"மிஷின்ல தண்ணி வடிய மாட்டேங்குதுங்க."

குரல் ஹெட்செட்டிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையிலும் கேட்டது. அவருக்கு வியர்த்துவிட்டது. வைத்துவிடலாம் என்றால் முடியாது. வாடிக்கையாளர் வைக்காமல் இவர்கள் ஃபோனை வைக்கவே கூடாது, அது கம்பெனி சட்டம். பேசுவதெல்லாம் பதிவாகிறது. பேச்சு நீண்டால் மேலாளர் அம்மாவின் திரையில் சிவப்பு எரியும், அவரே லைனில் வந்து பேச்சை ஒட்டுக் கேட்பார்.

"எத்... எத்தனை நாளாம்மா?"

"ஒரு வாரமா. வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். ம்-னார்."

"வேலையா இருந்திருப்பார்மா."

"இருந்திருப்பார். ஊர்ல இருக்கற மிஷினெல்லாம் அவர் தலையிலதானே."

அவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். மனைவியும் சமத்தாகப் பதில் சொன்னார். கடைசியில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதையும் கேட்டார். "வேற ஏதாவது உதவி வேணுமாம்மா?"

மனைவி அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அவர் ஆபீஸ் போகட்டும். நான் தடுக்கலை. ஆனா இத்தனை வருஷமா இந்தக் குரல் எங்க இருந்ததுன்னே எனக்குத் தெரியாதுங்க. இப்பதான் கேட்டேன். நல்ல குரல். வேற யார்கிட்டயோ பேசறதுன்னாலும் பரவாயில்லைன்னுதான் வாசல்ல வந்து நின்னேன். சண்டைக்கு நிக்கலை. அவர் போயிட்டா அதுவும் எனக்கு இல்லை, அவ்வளவுதான்."

தேன்வாயர் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். மனைவி ஃபோனைக் காதில் வைத்தபடி, தண்ணீர் தேங்கிய மிஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை" என்றார் தேன்வாயர்.

"அங்க மட்டும் தெரியுதே?"

"அங்க எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. பார்த்துப் படிப்பேன். இங்க எனக்கு யாரும் எழுதிக் குடுக்கலையே."

மனைவி அவரை உற்றுப் பார்த்தார். மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "நான் எழுதிக் குடுக்கட்டுமா?" என்றார் மெதுவாக.

"வேணாம். நானே சொல்றேன்."

ஆனால் லேசில் வரவில்லை. குழாயைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். மனைவி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"உன்கிட்டேர்ந்து தப்பிச்சு ஓடலை. மாட்டிக்கிட்டோமேன்னு வெட்கம். அதான் கையைத் தூக்கிட்டேன். நீ வாசல்ல நின்னா நான் இன்னும் நல்லா பேசுவேன். எனக்கு ஆபீஸ் வேணாம்."

கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீண்ட பேச்சு அது. மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது மனைவியின் கையிலிருந்த ஃபோனிலிருந்து ஒரு குரல் வந்தது. மேலாளர் அம்மாவின் குரல்.

"சார், நான் லைன்லதான் இருக்கேன். உங்களை வீட்லயே போட்டுடறேன். அம்மா, நீங்க இப்ப ஃபோனை வெச்சாதான் எங்களால வைக்க முடியும்."