அயர்லாந்துக்காரர்கள் வந்த சனிக்கிழமை

இராக் யுத்தம் ஆரம்பித்த வருஷம். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் எங்கள் பிரியாணிக் கடையை ஒட்டி ஒரு ஹால் இருந்தது. பிறந்தநாள், வளைகாப்பு என்று வாடகைக்கு விடுவோம். வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிட வரும் ஐரிஷ்காரர் ஒருவர், பிளம்பர், அதை ஒரு சனிக்கிழமை மதியத்துக்குக் கேட்டார்.

விசேஷம் எதுவும் இல்லை, ஒரு மீட்டிங் என்றார். அயர்லாந்தின் வடபகுதி பிரிட்டன் கையில் இருக்கிறது. அது மற்ற அயர்லாந்தோடு சேர வேண்டும் என்று லண்டன் பார்லிமென்டுக்குள்ளேயே சில எம்.பி.க்கள் ஒரு குழுவாக இருந்து வேலை செய்கிறார்களாம். அவர்களில் ஒருவர் இங்குள்ள ஐரிஷ்காரர்களிடம் பேச வருகிறார். வழக்கமாகக் கூடும் இடத்தில் பைப் உடைந்து தரையெல்லாம் தண்ணீர். சரி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் இருண்டுவிட்டது.

"உனக்குக் கிறுக்கா? போன மாசம்தான் எஃப்.பி.ஐ.லேர்ந்து ரெண்டு பேரு கோட்டு சூட்டோட வந்து, கடைக்கு யாரெல்லாம் வர்றாங்கன்னு கேட்டுட்டுப் போனாங்க. சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணிட்டு உக்காந்திருக்கோம். இப்ப போயி அரசியல் மீட்டிங்கா? அதுவும் குண்டு வெடிச்ச ஊர்க்காரங்க!"

"வர்றவரு பார்லிமென்ட் மெம்பர், மச்சான்."

"அத போலீஸ்கிட்ட நீயே எக்ஸ்பிளைன் பண்ணு."

சனிக்கிழமை ஹால் நிரம்பிவிட்டது. எம்.பி. ஒல்லியான மனிதர், தொண்டை கட்டியிருந்தது. வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்துக் குடித்துப் பேசினார். சபையில் கேள்வி கேட்பது, மந்திரிகளைப் போய்ப் பார்ப்பது, சொந்தக் கட்சிக்காரர்களையே ஒவ்வொருவராக வழிக்குக் கொண்டுவருவது என்று தங்கள் வேலையை விவரித்தார். துப்பாக்கியால் ஆகாது, ஓட்டால்தான் ஆகும் என்றபோது பின்வரிசையிலிருந்து ஒரு தடித்த ஆள் எழுந்தான்.

"இங்கிலாந்து ராணி பேர்ல சத்தியம் பண்ணிட்டு சம்பளம் வாங்குற நீ, எங்களுக்காகப் பேச வந்தியா?"

இன்னும் சிலர் எழுந்தார்கள். நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன. கல்லாவில் என் வீட்டுக்காரர் போனைக் கையில் எடுத்துவிட்டார். ஆனால் நம்பரை அழுத்தவில்லை. போலீஸைக் கூப்பிட்டாலும் பயம், கூப்பிடாவிட்டாலும் பயம்.

அப்போது சமோசா மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பெண் எழுந்து நின்றாள். என் வயதிருக்கும். சத்தம் போடாமல்தான் பேசினாள்.

"என் அண்ணன் வடக்கே பெல்ஃபாஸ்டில் போலீஸ்காரன். அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்றவர்கள்தான் அவனை எங்கள் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். நீங்கள் ஒன்று சேர்க்கப்போகிற நாட்டில் எங்களை எங்கே வைப்பீர்கள்?"

எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். அந்தத் தடித்த ஆள் மட்டும் வரிசையை விட்டு வெளியே வந்து அவளை நோக்கி நடந்தான். "உன்னை யார் உள்ள விட்டது?"

நான் டீ டிரேயோடு அந்த வழியில் நின்றிருந்தேன். நகரவில்லை.

"நான்தான் விட்டேன். இது என் கடை" என்றேன் ஆங்கிலத்தில். அவன் மூச்சில் பீர் வாடை. அவன் என்னைப் பார்த்தான், என் முக்காட்டைப் பார்த்தான். அதற்குள் பிளம்பர் வந்து அவன் தோளில் கை போட்டு, காதில் ஏதோ சொல்லி வெளியே கூட்டிப்போனார்.

எம்.பி. மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்து, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்கள் அண்ணன் பெயர் என்ன?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அப்புறம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. கூட்டம் மெல்லக் கலைந்தது. போலீஸ் வரவில்லை.

எல்லோரும் போனபிறகு இவர் என்னிடம், "அவன் அடிச்சிருந்தா என்னடி பண்ணியிருப்ப?" என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குரல் உடைந்திருந்தது.

அடுத்த மாதத்துக்கும் பிளம்பர் ஹால் கேட்டார். இவர் முடியாது என்று சொல்லிவிட்டார். பிளம்பர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, வெள்ளிக்கிழமை வருவதையும் நிறுத்தவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "எம்.பி. லண்டனிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அப்பப்போ போன் பண்றார். அவள் எங்களோடு சேரமாட்டாள். ஆனால் போனை எடுக்கிறாள்."

இவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பிளம்பர் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.