எழுபத்தொரு பேர்

வேனை மறித்து, டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டுக் கைகளைக் கட்டும்போது அவன் சொன்னான்: "டேய், நானும் உங்க ஆளுதான்டா."

மறித்த நால்வரும் சிரித்தார்கள். அவர்களுடைய வழிப்பறிக் கூட்டத்தின் பேர் பரவிய பிறகு பிடிபடுகிற டிரைவர் எல்லாம் அதைத்தான் சொல்கிறான். இரண்டு பற்களைத் தட்டிவிட்டு வேனோடு வந்து சேர்ந்தார்கள். உள்ளே இருந்தவை, கூட்டத்தின் இன்னொரு பிரிவு அன்று காலை ஒரு லாரியிலிருந்து இறக்கிய துணி மூட்டைகள். டிரைவர், தலைவருடைய மச்சான்.

இரண்டு பிரிவையும் ஒரே நாளில் கிழக்குச் சாலைக்கு அனுப்பியது டைம்கீப்பர். பஸ் டிப்போவில் யாருக்கு எந்த வண்டி என்று பதினெட்டு வருஷம் பிரித்துக் கொடுத்தவர். வேலை போனபின் இங்கேயும் அதே வேலைதான். ஆனால் எதையும் எழுதக் கூடாது. ஒன்பது பேராக இருந்த காலத்தில் தலைவர் போட்ட சட்டம். விரல் கணுக்களில் எண்ணியே நாலு வருஷம் ஓட்டிவிட்டார். இப்போது எழுபத்தொரு பேர்.

மர மில்லின் பின்னறையில் தலைவர் கேட்டார்: "என்ன டைம்கீப்பரே, வீட்டுக்காரி எனக்குச் சோறு போடமாட்டேங்குறா. அவ தம்பி கஞ்சி குடிக்கிறப்ப நான் மட்டும் மெல்லக் கூடாதாம்."

"மறந்துட்டேண்ணே. கிழக்குக்கு ஒருத்தர், மேற்குக்கு ஒருத்தர்னு பொறுப்பைப் பிரிச்சுக் குடுத்துட்டா..."

"அடுத்த மாசம் ரெண்டு தலைவன் இருப்பான். அப்புறம் நீ எனக்கு ஷிப்டு போடுவ."

"ஆளைக் குறைச்சா?"

"வெளிய போனவன் வாயை மூடிட்டு இருப்பானா? எழுது. எவன் எங்கன்னு எல்லாப் பேரையும் எழுது."

"எழுதக் கூடாதுன்னு நீங்கதானேண்ணே..."

"அது ஒன்பது பேருக்கு."

நோட்டு போலீஸ் கையில் சிக்கினால் முதலில் காட்டிக் கொடுப்பது கையெழுத்து. டிப்போ பதிவேடுகள் முழுக்க அவர் கையெழுத்துதான். எழுதாவிட்டால் இன்னொரு தரம் மறப்பார். அப்போது போவது பல்லாக இருக்காது.

வீட்டில் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தார். லாரி ஷெட்டில் வேலை என்றுதான் மனைவிக்குச் சொல்லியிருந்தார்.

"ஏன் இப்படிக் குட்டி போட்ட பூனையாட்டம் அலையுறீங்க?"

"வேலையில ஆள் அதிகமாயிட்டாங்க."

"நல்லதுதானே. சம்பளத்தை ஏத்தச் சொல்லுங்க."

"உங்க அண்ணன் கடையில எதாவது வேலை கேட்டுப் பாக்கலாமா?"

"இப்பதான் தலை நிமிர்ந்து நடக்குறோம். மறுபடி அவர் வாசல்ல போய் நிக்கவா?"

அவர் உட்கார்ந்தார், எழுந்தார். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் இடது கையால் எழுதிப் பார்த்தார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "கையில எதாவது வலியா?" என்றாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு மில்லுக்குப் போனார். பெயர் எழுதப் போவது தெரிந்து பன்னிரண்டு பேர் வரவில்லை. வந்தவர்களுக்குச் சாலை, கிழமை, நேரம் என்று எழுதினார். பதினோரு பெயர் வரை இடது கை. பிறகு தலைவர் அவசரப்படுத்தியதால் வலது கை. ஒரு மணிக்கு முடிந்தது. தலைவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "உன் பேரைக் காணோமே" என்றார். அதையும் எழுதினார். அன்று கிழக்குச் சாலைக்கு ஒரு பிரிவுதான் போயிற்று. இரண்டு மணி பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார்.