பாஸ் ஸ்டிக்கர் ஒட்டிய நாய்

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். பனியன் கம்பெனியில் துணி மடிக்கப் போய், இன்றைக்கு மண்ணரையில் எழுபது மெஷின் ஓடுகிற சொந்தக் கம்பெனி வைத்திருக்கிறேன். யாரிடமும் யோசனை கேட்டு மேலே வந்தவன் இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் எங்கள் நாய் விஷயத்திலும் டாக்டர் சொன்னதில் பாதியை மட்டும் காதில் வாங்கினேன்.

கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே கண் திறக்காத குட்டியாகக் கிடைத்தவன் அவன். பன்னிரண்டு வருஷம் என் கூடவே வீட்டுக்கும் கம்பெனிக்கும் அலைந்தான். போன வருஷம் தயிர்ச்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நகர ஆரம்பித்தான். முடி கொட்டியது. வயதான நாய்க்குப் பச்சைக் கறி நல்லது என்று எங்களிடம் துணி வாங்குகிற பையர் ஆபீஸ் ஆள் ஒருவர் சொன்னார். கால்நடை டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"போடறதுன்னா சுத்தமான கறியா, கொஞ்சங் கொஞ்சமா மாத்துங்கய்யா. எலும்பில்லாமக் கொத்திப் போடுங்க. வயசான பல்லுங்க."

வீட்டில் அதற்கு மேல் சண்டை.

"ஏனுங்க, பச்சக் கறியவா போடறது? நான் வேக வெச்சா உங்க நாயிக்கு எறங்காதாக்கும்?" என்றாள் மனைவி. தன் ஃபிரிட்ஜில் அதை வைக்கவே கூடாது என்றும் சொல்லிவிட்டாள். நான் அசரவில்லை. கார் ஷெட்டில் அவனுக்கென்றே ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வந்தது.

மூன்றே வாரத்தில் தட்டை நக்கித் தள்ளினான். முடி மின்னியது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினேன். அந்தத் தைரியத்தில் ஒருநாள் ஆட்டுத் தொடை எலும்பையே தூக்கிப் போட்டேன். கடக்கென்று ஒரு சத்தம். மறுநாள் காலையில் தட்டுக்குப் பக்கத்தில் வந்தான், பார்த்தான், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான். வாயில் எச்சில் ஒழுகியது. எலும்பு உள்ளே எங்கோ குத்தி நிற்கிறது என்று நானே முடிவு கட்டினேன்.

எங்கள் கம்பெனியில் குழந்தைத் துணி தைக்கிறோம். தைக்கும்போது ஊசி உடைந்து ஒரு துணுக்கு துணியில் தங்கினாலும் வினை. அதனால் ஒவ்வொரு உருப்படியும் ஊசி கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் போய், பாஸ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டுதான் வெளியே வரும். அவனை நேராக அங்கே கொண்டுபோனேன். மெஷின் வாய் அவன் உயரத்துக்குப் போதவில்லை. கையில் பிடித்துத் தடவுகிற சின்னக் கருவி ஒன்று உண்டு; ஊசி இருந்தால் கத்தும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, மூக்கிலிருந்து வால்வரை தடவச் சொன்னேன். அந்த வேலை பார்க்கிற அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம்.

"ஒண்ணும் கத்தல மொதலாளி. ஆனா இவன் மொகமே சரியில்ல. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

"மெஷினே சொல்லிருச்சு, அப்பறம் என்னம்மா டாக்டரு? ஸ்டிக்கர ஒட்டு."

கழுத்துப் பட்டையில் பாஸ் ஸ்டிக்கரோடு அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஒரு நாள் அதிலேயே போயிற்று.

அடுத்த நாள் தண்ணீரையும் தொடவில்லை. மனைவி என்னைப் பார்க்காமலே காரின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பட்டையில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"அது இரும்பத்தானுங்கய்யா காட்டும்? எலும்ப எப்படிங்க காட்டும்?"

இத்தனை வருஷமாக அந்த மெஷினோடு தொழில் செய்கிறவன் நான்.

எக்ஸ்ரேயில் வயிறு சுத்தமாக இருந்தது. வாயைத் திறந்து பார்த்தால், மேல்வரிசைக் கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்து ஈறு வீங்கியிருந்தது. பல்லை எடுக்க மயக்க ஊசி போட வேண்டும். "இந்த வயசுல மயக்கந் தெளிஞ்சு எந்திரிக்கறது கொஞ்சம் பயந்தானுங்கய்யா," என்றார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பெஞ்சில் நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். அவன் கண் பாதிதான் திறந்திருந்தது. என் செருப்புச் சத்தத்துக்கு வால் மேஜையில் இரண்டு தரம் தட்டியது. ஆம்பளை அழக்கூடாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். அன்றைக்கு அழுதேன், ஒளிக்கவில்லை.

புண் ஆறுகிறவரை மோர்ச்சோறு. பிறகு டாக்டரம்மா சொன்னபடியே, எலும்பில்லாமல் கொத்திய பச்சைக் கறி, முதல் நாள் ஒரு கரண்டி மட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு கொத்திக் கொடுத்தது என் மனைவிதான். நான் தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். முகர்ந்தான். ஒரு நக்கு. அப்புறம் தட்டையே மூக்கால் தள்ளிக்கொண்டு ஷெட்டின் சுவர்வரை போனான்.

"பாஸாயிட்டானுங்களா?" என்றாள் அவள், கை கழுவிக்கொண்டே.