அக்கா தனியே இருந்து உண்டதில்லை

நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி அவருடைய மகள், என் மருமகள், கேட்டபோது படித்தவர்கள் யாராவது எழுதட்டும் என்றேன். "படிச்சவைக்கு அம்மாவின்ரை கஞ்சி தெரியுமே மாமா?" என்று கேட்டாள். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் உறவினரும் நண்பரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா அளவெட்டியில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா குத்தகைக் காணியில் வெங்காயமும் மிளகாயும் செய்தார். நான் நடை பழகும் முன்பே அம்மா கண்ணை மூடிவிட்டார். அக்கா அப்போது சிறு பிள்ளை. கோயிலில் நாதஸ்வரம் கேட்டால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஓடுவார்கள். அக்காவுக்கு அடுப்பை விட்டு ஓட முடியாது. இருந்த இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டு புட்டுக்கு மா குழைப்பார். அந்த மேளத்தின் தாளம் அவர் கையில் கடைசிவரை இருந்தது என்று நினைக்கிறேன். தேங்காய் துருவும்போதும் ஒரு தாளத்தோடுதான் துருவுவார்.

கலியாணமாகிச் சில வருடங்களில், போரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில், அத்தான் காலமானார். கைக்குழந்தையோடு அக்கா ஊருக்குத் திரும்பினார். ஐயாவும் அப்போது இல்லை. எனக்குக் கலியாணம் பொருந்தவில்லை. அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

அக்கா காலையில் தோட்ட வேலைக்குப் போவார். வெங்காயம் நடுவார், கிண்டுவார், பிடி கட்டுவார். மத்தியானத்திற்குப் பின் சுன்னாகத்தில் ஒரு தையல் கடையில் வேலை. நான் மேசன் வேலைக்குப் போகிறவன். மருமகள் பள்ளிக்கூடம், ரியூசன் என்று சைக்கிளில் ஓடுவாள். விடிந்தால் மூன்று பேருக்கும் அவசரம். ஆனாலும் வெறுந்தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் படலையைத் தாண்ட அக்கா ஒருவரையும் விட்டதில்லை.

"வெங்காயத்துக்குத் தண்ணியை மட்டும் இறைச்சால் தாள்தான் நீளும், காய் விழாது. உனக்கும் அப்பிடித்தான். தேத்தண்ணியிலை நிண்டால் பத்து மணிக்கு மேசன்மாரோடை கொளுவிச் சண்டை பிடிக்கத்தான் பெலன் இருக்கும்" என்பார்.

அக்காவின் சமையலில் விலை கூடிய சாமான் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குரக்கன் எனும் கேழ்வரகு மாவையும் உழுத்தம் மாவையும் வறுத்து அரித்துத் தகர ரின்களில் போட்டு வைப்பார். வானொலியில் செய்தி போகும்போது முருங்கையிலை உருவி முடிப்பார். பயறு இரவே தண்ணீரில் ஊறும். ஆகையால் காலையில் அவருக்கு அடுப்படியில் அதிக நேரம் தேவைப்படாது. ஒரு நாள் குரக்கன் புட்டும் சம்பலும். ஒரு நாள் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும். மற்ற நாட்களில் வல்லாரையோ முல்லையோ முசுட்டையோ, வேலியில் எது நின்றதோ அதைப் போட்டு இலைக்கஞ்சி. பேக்கரிப் பாணைச் சாப்பிட்டுவிட்டுப் போகும் நாளில் மத்தியானத்திற்கு முன்பே எனக்குக் கை சோர்ந்துவிடும். அக்காவின் கஞ்சியைக் குடித்த நாளில் பின்னேரம் வரை கல் அடுக்கலாம்.

சாப்பாட்டை விட அக்கா கண்டிப்பாக இருந்தது இன்னொன்றில். எவ்வளவு அவசரமானாலும் மூன்று பேரும் ஒன்றாக இருந்துதான் சாப்பிட வேண்டும். நான் கூச்சக்காரன். வேலை செய்யும் இடங்களில் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்து சாப்பிட்டுவிட்டு எழும்புவேன். அது அக்காவுக்குத் தெரியும்.

"தனியச் சாப்பிடுறவன் அரைவயித்திலை எழும்பிடுவான். பக்கத்திலை ஆள் இருந்தால்தான் இன்னொரு அகப்பை கேக்க மனம் வரும்" என்பார். அவரும் அப்படித்தான். நான் வேலையால் வரப் பிந்தினால், எவ்வளவு பசியானாலும் என் சைக்கிள் சத்தம் கேட்ட பிறகே தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுப்பார்.

எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் எல்லோரும் வரிசையில் நின்ற அந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். வேலை குறைந்து, சாப்பாடும் குறைந்திருந்த நேரம். ஒரு நாள் கட்டடச் சாரத்திலிருந்து இறங்கும்போது தலை சுற்றி மணற்கும்பியில் விழுந்துவிட்டேன். இரத்தம் குறைவு, மீனும் கீரையும் சாப்பிட வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அப்போது நல்லூர் முருகன் கோயிலில் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. எங்கள் வீட்டில் அந்த நாட்கள் முழுவதும் சைவம். மீன் காய்ச்சும் சட்டிகளைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டோம். எங்கள் சிறு தெருவான ஒழுங்கைப் பக்கம் மீன்காரரும் வருவதில்லை.

அக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எங்கேயோ தேடிச் சூடை மீன் வாங்கி வந்தார். வீட்டுக்குள் கொண்டுபோகாமல், கிணற்றடிக்கு அப்பால் மூன்று கல் வைத்துப் பரணிலிருந்த சட்டியை இறக்கினார். புகை எழும்பியவுடன் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எடி பிள்ளை, என்ன மணம் உது? நல்லூரிலை கொடி நிக்குதெல்லே!"

"ஓம் மாமி, கொடி நிக்குது. இவன்தான் நிக்கேலாமல் விழுந்துபோனான்."

"நாளைக்கு முருகன் கேட்டால் என்ன சொல்லப் போறாய்?"

"உங்களுக்குச் சமைச்சுத் தர ரெண்டு பெண்சாதி இருக்கினம், இவனுக்கு நான் ஒருத்திதானே எண்டு சொல்லுவன்."

மாமி சிரித்த சிரிப்பு எனக்கு வீட்டுக்குள் கேட்டது. சற்று நேரத்தில் தென்னோலையில் பின்னிய இரண்டு கிடுகுகளைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். "உதாலை மறைச்சு விடு. மணம் ஒழுங்கைக்குப் போனால் விரதகாரர் எல்லாம் இலையோடை வந்திடுவினம்" என்றார்.

அக்கா விரதம் என்பதால் ருசி பார்க்க முடியாது. "உப்பை நீயே பார் தம்பி. குறைஞ்சால் சொல்லு, கூடினால் வாயைத் திறவாதை" என்றார். உப்பு கூடித்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா தலைக்கு முழுகிவிட்டு வந்து, சற்றுத் தள்ளி, தன் சோற்றோடும் கீரையோடும் எனக்கு எதிரே இருந்தார். நான் உண்டு முடியும்வரை அவரும் உண்டார். திருவிழா முடியும் முன்பே நான் மறுபடி சாரத்தில் ஏறிவிட்டேன்.

எங்களுக்கெல்லாம் பெலன் கொடுத்த அக்காவின் வயிற்றில்தான் பின்பு அந்த வருத்தம், தீராத நோய், வந்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு எதுவும் இறங்கவில்லை. முடிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்றார்கள். மருமகள் கஞ்சியைக் கரண்டியில் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எப்படியாவது அக்காவைச் சாப்பிட வைக்க வேண்டும் என்பதைத் தவிர எங்கள் இரண்டு பேருக்கும் வேறு நினைவு இருக்கவில்லை. ஒரு மத்தியானம் வேலை இடத்திலிருந்து நேரே போனேன். நான் சாப்பிடவில்லை என்று கண்டு, மருமகள் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து தந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடத் தொடங்கினேன். அக்கா பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"என்ன கறி?"

"கத்தரிக்காய்ப் பால்கறி அக்கா."

"ஆர் காய்ச்சினது?"

"மருமகள்தான்."

"காட்டு பாப்பம்."

ஒரு வாய் வாங்கினார். பிறகு இன்னொரு வாய். அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் பசியோடு போய் அக்காவின் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். பெண்களின் வார்ட்டில், எல்லோரும் பார்க்க, ஒரு ஆண் சோறு குழைத்து உண்பது எனக்கு எவ்வளவு கூச்சம் என்பதை என்னைத் தெரிந்தவர்கள் அறிவார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா கேட்டேவிட்டார்.

"தம்பி, நீர் வருத்தம் பாக்க வாறீரோ, வயிறு வளக்க வாறீரோ?"

"அவன் சாப்பிட்டால்தான் எனக்கு இறங்குதணை அம்மா. என்ரை தம்பிக்குக் கண் வைச்சுப் போடாதேங்கோ" என்றார் அக்கா. அடுத்த நாள் அந்த அம்மாவும் தன் மகளைப் பக்கத்தில் இருத்திச் சாப்பிடச் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னும் அப்படியே நடந்தது. என் கோப்பை வெறுமையானால் அக்காவும் வாயை மூடிவிடுவார். அதனால் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, நேரம் எடுத்துச் சாப்பிட்டேன். அவருக்கா தெரியாது? "எடேய், கோழி மாதிரிக் கிண்டாதை, சாப்பிடு" என்பார். சோறு கஞ்சியாகிக் கஞ்சி தண்ணீராகியது. கடைசி நாள் மத்தியானம், "நீ சாப்பிடு ராசா, நான் பிறகு" என்றார். நான் சாப்பிட்டு முடித்தேன். அன்று மாலை, விளக்கு வைக்கும் நேரம், அக்காவின் மூச்சு அடங்கியது.

இப்போது காலையில் மருமகள் கஞ்சி காய்ச்சுகிறாள். அதே இலை, அதே அரிசி. குறை ஒன்றும் சொல்ல முடியாது. அவளும் நானும் எதிரெதிரே இருந்து குடிக்கிறோம். இன்னொரு அகப்பை வேண்டுமா என்று அவள் கேட்கிறாள். போதும் என்று எழும்பிவிடுகிறேன். அக்கா கேட்பதேயில்லை, ஊற்றிவிடுவார். அந்தக் குரலுக்கும் அந்தக் கைக்கும் மனம் ஏங்குகிறது.

அக்காவின் வருத்தத்தில் துணை நின்ற வைத்தியர்கள், தாதிமார், தோட்டத்தில் கூட வேலை செய்த பெண்கள், தையல் கடையினர், செத்தவீட்டன்று எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்கள், வெளிநாட்டிலிருந்து கதைத்துத் தேற்றிய உறவினர்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. இன்னும் இரண்டு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்கு எட்டாம் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இறந்தவருக்கு விருப்பமானதை எல்லாம் அன்று சமைத்துப் படைத்து, அவர் வந்து உண்ணட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது எங்கள் வழக்கம். இலை போட்டாயிற்று. ஐயாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். நான் இலைக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். சபையில் வாய் திறக்காத நான், "அக்கா தனியச் சாப்பிடமாட்டா" என்று சொல்லிவிட்டேன்.

"விசர்க்கதை கதையாதை தம்பி. செத்தவையோடை இருந்து சாப்பிடுறதோ? எழும்பு" என்றார் சித்தப்பா.

பக்கத்து வீட்டு மாமி குறுக்கே வந்தார். "உள்ளுக்கு இருந்தால்தானே அண்ணை குற்றம்? கதவுக்கு இங்காலை இருந்தால்?"

"அப்பிடி ஒரு வழக்கம் இல்லைப் பிள்ளை."

"வழக்கம் இல்லாட்டில் அதுக்குக் குற்றமும் இல்லைத்தானே."

சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மருமகளிடம் திரும்பி, "மாமாவுக்கு ஒரு இலை வெட்டிக்கொண்டு வா மோனை" என்றார்.

சாத்திய கதவுக்கு முன்னால் இருந்தேன். மாமி சோறு போட்டார். முற்றம் நிறைய ஆட்கள் நின்றார்கள். எனக்கு அன்று கூச்சம் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, மெல்ல மெல்லச் சாப்பிட்டேன். வழக்கமாகச் சற்று நேரத்தில் கதவைத் திறந்துவிடுவார்கள். அன்று வெயில் ஏறி முற்றம் சுட்டது. நான் இலையை மடித்து எழும்பும்வரை, திறவுங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை.